தொட்டால் போதும்

எங்கள் பாக்கோ ஊரில் யாராவது தின்பதற்கு ஒன்றை நீட்டினால் வாங்கித் தின்ன வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் ஒரு விரலால் தொட்டுவிட்டாவது போக வேண்டும். தொடாமல் போகிறவருக்குக் கெம்புனான் பிடிக்கும். பாம்பு கடிக்கும், இல்லை படகு கவிழும், இரண்டும் தவறினால் ஆற்று முதலை பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தொடுகிற வசதி இருந்ததால்தான் என் மானம் பிழைத்தது. படித்துறையில் பலகாரம் விற்கும் அபாங் மொர்ஷிடி மனைவியை இழந்தவர். போன பெருநாளன்று தன் தங்கையை அனுப்பி, டாயாங் என்கிற என்னைப் பெண் கேட்டார். நானும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். ஆனால் சொந்தப் படகு இருக்கிறது, எவனுக்கும் துணி துவைக்காத நிம்மதி இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிக்கட்டும். என் செலோரோட்டை என்னைக்குத் தின்னுறாங்களோ, அன்னைக்குச் சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்று அந்த மனுஷன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில், ஓலைச் சுருளில் அவித்த அந்த இனிப்பை என்னிடம் நீட்டுவார். நான் விரலால் தொட்டுவிட்டுப் படகில் ஏறிவிடுவேன். வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் பெயர் வேறு ஒரு தொல்லை. அபாங் என்பது அவர்கள் வம்சப் பட்டம், அடையாள அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதும் அபாங் என்றுதான். அதனால் நான் மூச்சுவிடாமல் 'அபாங் மொர்ஷிடி' என்று முழுசாகச் சொல்லி முடிப்பேன். நடுவில் தும்மல் வந்துவிட்டால் என் கதி என்ன ஆவது?

அன்று கோலாலம்பூரிலிருந்து சுல்ஹெல்மி என்று ஒரு வங்கிக்காரர் என் படகில் சவாரி போக வந்தார். காடு பார்க்க வேண்டுமாம், நீளமூக்குக் குரங்கைப் படம் பிடிக்க வேண்டுமாம், எங்கள் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அபாங் மொர்ஷிடி செலோரோட்டை நீட்டியதும், "வேணாங்க, வயிறு சரியில்ல" என்று கையை ஆட்டினார்.

"தொடுங்க தம்பி" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதை, அக்கா."

"முதலை பழைய கதை கிடையாது. தொடலேன்னா படகு கிளம்பாது. நீரு வேற வத்துது, தொடுங்கன்னா!"

முணுமுணுத்துக்கொண்டே தொட்டார். அபாங் மொர்ஷிடி, வழியில் பசிக்கும் என்று ஒரு பொட்டலத்தை அவர் பைக்குள் திணித்தார். பிறகு என் பக்கம் ஒன்றை நீட்டினார். எனக்கு இருந்த எரிச்சலில், "அட, தள்ளுங்க!" என்று எஞ்சினைக் கிளப்பிவிட்டேன்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் ஓட்டுகிற முகத்துவாரம் அது. அன்று சேற்றுத் திட்டில் போய் 'சதக்'கென்று உட்கார்ந்தது படகு. எஞ்சினைத் தூக்கினேன், கழியால் உந்தினேன், அசையவில்லை. நீர் மறுபடி ஏறும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். கரையில் கிடந்த மரக்கட்டை ஒன்று வாயைத் திறந்தது.

"அக்கா, அது..."

"அதேதான்."

சுல்ஹெல்மி கால்களை மடக்கிப் பலகைமேல் ஏறிக்கொண்டார். "நான்தான் தொட்டேனே! நீங்க தொட்டீங்களா?"

எனக்குப் பகீரென்றது. என்றைக்கும் மறக்காதவள் அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவசரமாகத் தொட்டேன். படகும் நகரவில்லை, முதலையும் நகரவில்லை.

வெயில் ஏறியது. பசி வந்ததும் மனுஷனுக்கு வயிற்றுவலி பறந்துவிட்டது. ஓலையைச் சுற்றிச் சுற்றிப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். "என்னக்கா இது, இப்படி இருக்கு!" கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. பனைவெல்ல வாசனை என்னை விடவில்லை. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

தின்றேன். அடப் பாவி மனுஷா, இதையா நான் இத்தனை நாள் ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுப் போனேன்! விடிவதற்கு முன்பே எழுந்து, தேங்காய் துருவி, ஓலை சுற்றி அவித்திருக்கிறார். என் புருஷன் போனபிறகு எனக்கென்று யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. கண் கலங்கியது. வெயில் கூசுகிறது என்று சுல்ஹெல்மியிடம் சொன்னேன்.

நீர் ஏறத் தொடங்கியபோது தூரத்தில் ஒரு சின்னத் தோணி தெரிந்தது. அபாங் மொர்ஷிடிதான். துடுப்புப் பிடிக்கவே தெரியாத ஆள், நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"டாயாங், தொடாமலே போயிட்டீங்களே! எனக்கு மனசு கேக்கல." எழுந்து நின்று, தள்ளாடிக்கொண்டே ஒரு செலோரோட்டை நீட்டினார். "நான் சொன்னதெல்லாம் விட்டுடுங்க. திங்க வேணாம், சம்மதிக்கவும் வேணாம். தொட்டா போதும். நீங்க நல்லபடியா கரை சேர்ந்தா சரி."

என் மடியில் ஓலைச் சுருள் பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது. மறைக்கப் பார்த்தால் நீண்டுகொண்டே போனது.

"அக்கா ஏற்கெனவே..." என்று சுல்ஹெல்மி வாயைத் திறந்தார். காலை மிதித்தேன்.

இதை நான்தான் சொல்ல வேண்டும். கட்டுக் கயிற்றை எடுத்துச் சுழற்றி வீசினேன்.

"கயிறைப் பிடிங்க, அபாங்."

மிச்சப் பெயரும் வரும் என்று மனுஷன் காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. கயிறு அவர் மார்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அவரும் தொப்பென்று தோணிக்குள் உட்கார்ந்துவிட்டார்.