அமுதவள்ளியின் படத்துக்கு ஓர் ஆணி

1.

இந்தக் கதை கோயில் வாசலில், செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைத்தது. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கோயிலின் சரஸ்வதி பூஜை ஏற்பாடுகளைக் கவனிப்பவன் நான். அதனால் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். யோசனை சொல்லத் தெரியாததால் கதை எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் நான்கு இளைஞர்கள் ஒரு ராக் இசைத்தட்டை வெளியிட்டார்கள். கேட்பவரை மிதக்க வைக்கும் இசை என்று அதைப் பற்றிச் சொன்னார்கள். அது…"

அடித்துவிட்டேன். நான் அப்போது ஜெஞ்சாரோமில் அரைக்கால் சட்டையோடு திரிந்தவன். இங்கிலாந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது திருச்செல்வத்தின் வீட்டுப் பூஜை அறைதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2.

திருச்செல்வம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன் அவரிடம் இருந்த ஒரே ஆடம்பரம் அந்த இசைத்தட்டு. கல்யாணமான புதிதில் ரவாங்கில் இருந்த நண்பர் ஒருவர் கேட்டார் என்று தட்டை மட்டும் இரவல் கொடுத்திருந்தார். அட்டை உறை வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. உறையின்மேல் ஓர் அம்மன். நான்கு கைகள், கழுத்து நீண்ட ஒரு வாத்தியம், பின்னால் தோகை விரித்த நீலப் பறவை.

[வரைந்தவர் சரஸ்வதி படத்தை எங்கோ ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்திருப்பார் போல. கைகளின் அளவு தப்பு, பறவை தப்பு. ஆனால் கண்களை வரையும்போது அவர் கை நிதானித்திருக்கிறது. அது கும்பிடத் தெரிந்த கை.]

புது மனைவி அமுதவள்ளி பெட்டியைத் திறந்தார். மறுநாளே கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய்ச் சட்டம் போட்டார். மேலே இருந்த ஆங்கில எழுத்துகளைக் கடைக்காரர் காட்டினார். காலண்டர் சாமி படத்தில் மளிகைக் கடைப் பெயர் இருப்பதில்லையா? இதுவும் ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்த அமுதவள்ளி, தங்கக் காகிதம் ஒட்டி மறைக்கச் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் பூஜை அறையைக் காட்டினார்.

"சாமி படத்த போயி பழைய சட்டைக்கு அடியில போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு?"

சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். திருச்செல்வம் படத்தைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"மறந்துட்டேன்மா," என்றார்.

3.

இந்த மனிதரை நான் முழுதாக நம்பவில்லை. நாற்பது வருடம் ஒருவர் வாயைத் திறக்காமல் இருந்தது அன்பாலா, பயத்தாலா? கேட்டேன்.

"ரெண்டும்தாண்ணே. மொத வாரம் பயம். அப்புறம் அவ வெள்ளிக்கிழமை வெளக்கேத்தறத பாத்தா, சொல்ல மனசு வரல லா."

தட்டு ரவாங்கிலிருந்து திரும்பி வந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தார். அதை ஓட்டும் பெட்டி பழுதாகிவிட்டிருந்தது, வேறு வாங்கவில்லை. அமுதவள்ளி அந்த இசையைக் கேட்டதே இல்லை. ஆனால் வெள்ளிதோறும் அவர் பக்கத்தில், படத்தின் முன்னால், திருச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் மனசுக்குள் ஓடும். சில இடங்களில் தொண்டையில் கசிந்து வெளியே வரும். சாமி நம்பிக்கையே இல்லாத மனுஷன் மாறிவிட்டார் என்று அமுதவள்ளி ஊரெல்லாம் சொன்னார்.

(இதைத் தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. கண்ணை மூடி நன்றியோடு நிற்கிறவரை நான் என்னவென்று திட்டுவது?)

4.

இந்த வருடம் அமுதவள்ளி அந்தப் படத்தைக் கோயில் பூஜைக்குத் தருவதாகச் சொன்னார்.

"எங்க வீட்டு சரஸ்வதிண்ணே. இப்படி ஒரு மொகத்த எந்தக் கோயில்லயும் பாக்க முடியாது."

நானும் மண்டபத்து நடுச்சுவரில் ஆணி அடித்தேன்.

மறுநாள்தான் திருச்செல்வம் செருப்புத் தட்டருகே என்னைப் பிடித்தார். கொமுட்டர் ரயிலில் ஒரு கல்லூரிப் பெண், நெஞ்சில் அதே அம்மன் அச்சடித்த டி-சட்டையோடு நின்றிருக்கிறாள். தட்டை மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொண்டாடுகிறார்களாம்.

"பூஜைக்கு வர்ற பிள்ளைங்க எல்லார் கையிலயும் போன் இருக்குண்ணே. ஒருத்தர் படம் புடிச்சுப் போட்டா போதும், ஊரே சிரிக்கும். அவ தாங்க மாட்டா."

"அப்ப நீங்களே வீட்டுல சொல்லிடுங்க செல்வம்."

"சொன்னா மட்டும் தாங்குவாளா? நாப்பது வருஷமா பூ வச்சிருக்கா."

5.

அன்று பூஜைச் சாமான் வாங்க கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் போனேன். திருச்செல்வம் என் போனில் அந்த இசையை ஏற்றிக் கொடுத்திருந்தார். தேவாரம் கேட்டுப் பழகிய காது என்னுடையது. முதல் பாட்டு வெறும் சத்தமாகப் பட்டது. இரண்டாவது, யாரோ தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. சுங்கை வே பக்கம் வரும்போது இரண்டாம் பக்கம் தொடங்கியது. அடியில் தம்புரா. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது. அதன்மேல் கிட்டார் அவசரமில்லாமல் ஏறி, ஓரிடத்தில் நின்று, பின்னால் வருகிறவருக்காகக் காத்திருக்கிறது.

இத்தனை வருடம் கழித்தும் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. வெறும் புதுமையாக இருந்திருந்தால் இதற்குள் பழசாகியிருக்கும். தங்களுக்கு முழுதாகத் தெரியாத ஒன்றின் வாசலில், அந்த இளைஞர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார்கள். சுருதி விலகினாலும் பணிவு விலகவில்லை.

கே.எல். சென்ட்ரலில் இறங்க மறந்து அடுத்த நிலையம் வரை போய்விட்டேன்.

(தட்டின் பெயரை எழுதாத காரணம் இப்போது புரிந்திருக்கும். வாத்தியத்தையும் பறவையையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து தேடாதீர்கள்.)

6.

முடிவு ஒன்று: நானே அமுதவள்ளியிடம், இடமில்லை என்று ஏதாவது சாக்கு… வேண்டாம். கோயில் வேலையில் பொய் சொல்லிப் பழகக் கூடாது.

முடிவு இரண்டு: டி-சட்டைப் பெண் பூஜைக்கு வருகிறாள், அமுதவள்ளியின் காலில் விழுந்து… இது சினிமா.

மூன்றாவது, நடந்தது. திருச்செல்வம் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்து, தட்டை ஓடவிட்டார். அமுதவள்ளி பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது இரைச்சல்? பக்கத்து வீட்டு ஆன்டி வந்து நிக்கப் போறாங்க."

"கொஞ்சம் இரும்மா."

தட்டைத் திருப்பிப் போட்டார். தம்புரா எழுந்தது. கிட்டார் ஏறத் தொடங்கியதும் கத்தி நின்றது.

"இது நீங்க வெள்ளிக்கெழம மொனகறதாச்சே!"

"ஆமா."

"ஏதோ பதிகம், ராகம் தெரியாம பாடுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"அந்தப் படம்… இந்தத் தட்டோட உறைம்மா."

அமுதவள்ளி பூஜை அறைப் பக்கம் பார்த்தபடியே இருந்தார். பாட்டு முடிந்து முள் வெறுமனே உரசியது.

"அப்ப இத்தன வெள்ளிக்கெழமயும் இதுக்குத்தான் நின்னீங்களா?"

"மொதல்ல இதுக்குத்தான். அப்புறம், நீ பக்கத்துல நிக்கிறியேன்னு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மறுபடி போடுங்க."

சொல்லிவிட்டுப் பூஜை அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். உள்ளே என்ன செய்தார் என்று திருச்செல்வத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கதை எழுதுகிறவன் என்பதற்காக அந்தத் திரையை விலக்க எனக்கு மனமில்லை.

7.

இன்று சரஸ்வதி பூஜை. நடுச்சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது. வேறு படம் மாட்டலாமே என்றார்கள், இருக்கட்டும் என்றேன். மண்டபத்தில் பரிமாறுகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: யாராவது போனை எடுத்துக்கொண்டு சிரித்தால், உடனே ஒரு கையில் சுண்டல், மறு கையில் பாயாசம். இரண்டு கையும் நிறைந்துவிட்டால் படம் பிடிக்க முடியாது.

வாசலில் கார் நிற்கிற சத்தம். திருச்செல்வத்தின் குரல் கேட்கிறது: "பாத்து இறங்கும்மா."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன். வாசல் பக்கம் இருப்பவர் நீங்கள்தான். அமுதவள்ளி வெறுங்கையோடு வந்தால், ஒன்றும் கேட்காமல் உட்கார வைத்துச் சுண்டல் கொடுங்கள். படத்தோடு வந்தால், ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடி, கனமாக இருக்கும்.