கோட்டுப் போட்ட ஆள்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு காசு கடன், நம்மாள் பெயரில். அதில் ஒரு காசைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை. குடித்துத் தொலைத்திருந்தாலாவது கொஞ்சம் சுகம் கண்டதாக இருந்திருக்கும். இது சும்மா நின்றதற்கு விழுந்த கடன். அதுவும் அவன் நிற்கவில்லை. அவனுக்குப் பதிலாக இன்னொரு உடம்பு நின்றது.

விவரமாகச் சொன்னால்தான் விளங்கும்.

நம்மாளுக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் சுமந்ததில் முதுகு முதலில் வலித்தது, பிறகு முனகியது. இப்போதெல்லாம் அவன் எழுவதற்கு முன்பே அது எழுந்து புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. சூப்பர்வைசர் ஒருநாள் கூப்பிட்டு, "மூட்டை தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறாங்க. உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனா எழுத்துப் பரீட்சை இருக்கு" என்றார். 'உட்கார்ந்து' என்றதுமே முதுகு அவனைக் கேட்காமல் சம்மதம் சொல்லிவிட்டது. 'எழுத்து' என்பது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது. அவனோ கைநாட்டு. 'இங்கே உட்காராதீர்' என்று எழுதிய பலகைக்கு அடியில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவான்; இடம் காற்றோட்டமாக, ஆள் நடமாட்டமில்லாமல் இருக்கும். ஏன் நடமாட்டமில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நூலகத்தில் தொழிலாளிகளுக்கென்று ஓர் எழுத்து வகுப்பு இருந்தது. நடந்தது நூலகத்தில் அல்ல, நூலகம் இரவல் கொடுத்த கண்பெட்டிக்குள். அதை மாட்டிக்கொண்டால் தெரு, மரம், வகுப்பறை, கரும்பலகை என்று கணினிக்குள் கட்டிய ஊர் ஒன்று விரியும். ஆளுக்கொரு உடம்பைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். நம்மாள், கோட்டும் டையும் போட்டு முதுகு விறைப்பாக நிமிர்ந்த ஓர் உடம்பைப் பார்த்து எடுத்துக்கொண்டான். சலவைக் கடையில் துணி தேய்க்கிற இஸ்திரியம்மா, சுருக்கமே விழாத வெள்ளை உடுப்பில் வந்தாள். வாட்ச்மேன் கரடியாக வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒருத்தனாவது என்னைப் பார்த்துப் பயப்படட்டுமேன்னுதான்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் நம்மாள் கண்பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைப்பான். மறுநாள் மாலை எடுத்து மாட்டினால், ஜன்னல் ஓரத்தில் அதே இடத்தில் கோட்டோடு நிற்பான். 'பரவாயில்லையே, விட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறதே' என்று மெச்சிக்கொள்வான்.

"எல்லாருக்கும் முன்னாடி வந்து நிற்கிறீங்க. இவரைப் பார்த்துக் கத்துக்கோங்க எல்லாரும்" என்பாள் டீச்சர். அவன் பெண் வயசுதான் இருக்கும் அவளுக்கு. மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. பாராட்டு வரும்போது கணக்குப் பார்க்கிற பழக்கம் அவனுக்கில்லை.

மூன்றரை மாதம் கழித்து ஒருநாள், பார்வைக்கு மேலே ஓரத்தில் எப்போதும் தொங்குகிற சிவப்புப் பொத்தானை எழுத்துக் கூட்டிப் பார்த்தான். சிவப்பாக இருக்கிறதே, ஏதாவது வெடித்துவிடப் போகிறது என்று அதுவரை பக்கத்திலேயே போனதில்லை. வெ... ளி... யே... று. யாரும் சொல்லித் தராமல் தானாக வாசித்த முதல் சொல். சந்தோஷத்தில் மயிர் கூச்செறிந்தது. அடுத்த நிமிஷமே, அதை ஒருநாளும் அழுத்தியதில்லையே என்று உறைத்தது.

டீச்சரிடம் கேட்டான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, பெட்டியைக் கழற்றினா நீங்கதான் போவீங்க. உடம்பு போகாது. அதை அழுத்தினாத்தான் உடம்பும் போகும்."

"அப்ப இத்தனை நாளும்?"

"ராத்திரி பகல் இங்கேயே நின்னிருக்கு. வகுப்பு நேரம் போக மத்த நேரத்துக்கெல்லாம் மணிக்கு ஒரு காசு இட வாடகை." அவள் கணக்கைத் திறந்து காட்டினாள். எண்கள் அவனுக்கு முன்பே தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

அந்த ஊர்க் காசைக் கடையில் வாங்க முடியாது, படித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். ஓர் எழுத்துத் தேறினால் இரண்டு காசு. தமிழில் மொத்தமே இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அத்தனையும் தலைகீழாக ஒப்பித்தாலும் ஐந்நூறு காசு தேறாது. மிச்சத்துக்கு இன்னும் நாலைந்து பாஷை படிக்கவேண்டும். மாசக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வகுப்புக் கதவு மூடிக்கொள்ளும். அதற்கடுத்த வாரம் ஃபோர்க்லிஃப்ட் பரீட்சை. ஒற்றெழுத்து வரும் சொற்கள் இன்னும் பாக்கி கிடந்தன.

"பயப்படாதீங்க. ஆளில்லாம நின்னதுக்கு வாடகை கிடையாது. நீங்க அங்க இல்லைன்னு வகுப்பில ரெண்டு பேர் சாட்சி சொன்னாப் போதும், தள்ளுபடி பண்ணிடுவாங்க" என்றாள் டீச்சர்.

இவ்வளவுதானே என்று நம்மாள் நேரே கரடியிடம் போனான். வாயைத் திறப்பதற்குள் கரடி அவன் தோளில் கை போட்டது.

"ஏம்ப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் பையன் பேசாம இருந்தான்னு ராத்திரி டியூட்டியில பெட்டியை மாட்டிக்கிட்டு உன்கிட்ட வந்து அழுதேனே, நேத்துப் போன் பண்ணிட்டான். நீ ஒரு வார்த்தை பேசல. அறிவுரை சொல்லல. அப்படிக் கேட்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்ல."

நம்மாள் "அதனாலென்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு இஸ்திரியம்மாவிடம் போனான்.

"அண்ணே, மத்தவங்க முன்னாடி வாசிச்சா நாக்கு ஒட்டிக்கும். உங்க முன்னாடி நின்னு வாசிச்சுத்தான் எனக்கு வாசிப்பே வந்தது. ஒரு தடவைகூடச் சிரிச்சதில்லையே நீங்க!" என்றாள்.

இவர்களிடம் போய், 'அப்போது நான் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு நீங்களே சாட்சி சொல்லுங்கள்' என்று எப்படிக் கேட்பது? கண்பெட்டியைக் கழற்றிவிட்டுப் பொண்டாட்டியிடம் போய் உட்கார்ந்தான்.

"நான் ரொம்ப நல்லவனா இருந்திருக்கேன்டி."

"எப்போ?" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி.

"நான் இல்லாதப்போ."

முழுக்கதையும் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம்தான் என்றாள். "இங்கயும் அப்படித்தானே இருக்கீங்க. உடம்பு மட்டும் நாற்காலியில நிக்குது... இல்ல, உக்காருது. ஆனா நான் சொல்றதை அந்தக் கோட்டுக்காரர் கேட்கிற அளவுக்குக்கூட நீங்க கேட்டதில்ல. அவரை ஒருநாள் வீட்டுக்கு அனுப்புங்க."

"விளையாடாதடி. பரீட்சை போயிடும்."

"அப்ப போய் உண்மையைச் சொல்லுங்க."

"அவங்க மனசு உடைஞ்சிடும்."

அன்றிரவு புரண்டு படுத்தபடியே, நம்மாள் ஒரு பெரிய மனுஷத்தனமான முடிவுக்கு வந்தான். முதுகு போனால் போகட்டும், அவர்கள் மனசு போகக்கூடாது. வாயைத் திறக்காமல் விலகிக்கொள்வது. நினைக்க நினைக்க அவனுக்கே அவன்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

மாசக் கடைசி வகுப்பில் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். "இன்னையோட நான் வர்றதில்ல" என்று ஆரம்பித்தான். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். கேட்க ஆள் இருக்கிறது, போட்டிருப்பதோ கோட்டு, நாக்கு நிற்குமா? "நீங்க எங்கிட்ட மனசு விட்டுச் சொன்ன ஒவ்வொண்ணும் என் நெஞ்சில பத்திரமா இருக்கும்" என்று நீட்டினான்.

"அப்படியா?" என்றாள் இஸ்திரியம்மா. "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்."

நம்மாளுக்கு வியர்த்தது. கோட்டு உடம்பு வியர்க்காதது நல்லதாய்ப் போயிற்று. "அது... உங்க வீட்டுக்காரர் விஷயம்... எல்லார் முன்னாடியும் வேணாமேன்னு..."

"எனக்கு வீட்டுக்காரரே கிடையாதே!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கரடி டெஸ்க்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தது.

"அண்ணே, உட்காருங்க" என்றாள் இஸ்திரியம்மா. "நீங்க இல்லைன்னு முதல் நாளே தெரியும். கண்ணு சிமிட்டாது, மூச்சு விடாது. ஆள் இருந்திருந்தா நான் அங்க வாசிச்சிருப்பேனா? உங்களை மாதிரி வளவளன்னு பேசுற ஆள் முன்னாடி?"

"அப்ப நன்றி சொன்னீங்களே என்கிட்ட!"

"உடம்பு உங்களோடதுதானே. ஒரு மரியாதைக்குச் சொன்னது. நீங்க அதை அப்படியே வாங்கிப் பையில போட்டுக்கிட்டீங்க."

"எனக்குத் தெரியாதுப்பா," என்றது கரடி, சிரிப்பை நிறுத்திவிட்டு. "நான் நிஜமாவே நீதான்னு நினைச்சேன்." நகத்தால் காதைச் சொறிந்துகொண்டது. "ஆனா நீயா இருந்திருந்தா அறிவுரை சொல்லியிருப்பே. கெட்டுப் போயிருக்கும்."

டீச்சர் சாட்சி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்கியது. அவன் அங்கே இல்லவே இல்லை என்று இத்தனை பேர் ஒரே குரலில் சொன்னது, அவன் வாழ்க்கையில் கிடைத்த முதல் ஏகமனதான ஆதரவு.

"சரி, தள்ளுபடிக்கு எழுதுறேன். அந்த உடம்பை அங்கிருந்து எடுத்துடுவாங்க" என்றாள் டீச்சர்.

"ஐயையோ, எடுக்க வேணாம்!" இஸ்திரியம்மா பதறிவிட்டாள். "நாளன்னைக்கு நான் பாடம் வாசிக்கணும். இவர் வேணும்னா போகட்டும், அவர் இருக்கட்டும்."

"ஆமாம்மா, அவர் இருக்கட்டும்" என்றது கரடி.

"ஆளாப் பதிஞ்சிருந்தா வாடகை ஓடிட்டேதான் இருக்கும்" என்றாள் டீச்சர்.

"பெஞ்சுக்கு வாடகை உண்டா?" என்றாள் இஸ்திரியம்மா.

"கிடையாது. அது வகுப்புச் சாமான்."

எல்லோரும் நம்மாளைப் பார்த்தார்கள். அவன் தயங்கினான். அந்த நிமிர்ந்த முதுகை விட்டுக்கொடுக்க ஒரு நிமிஷம் மனசு வரவில்லை. பிறகு, அந்த முதுகு தன்னைவிட நல்ல வேலைக்குப் போகிறது என்று தேற்றிக்கொண்டு, "எழுதுங்க டீச்சர்" என்றான்.

டீச்சர் வகுப்புச் சாமான் பட்டியலில் எழுதினாள்: பெஞ்சு பத்து, கரும்பலகை ஒன்று, ஜன்னல் நான்கு, கோட்டுப் போட்ட ஆள் ஒன்று.

நம்மாளுக்கு வேறு உடம்பு கொடுத்தார்கள். கட்டம் போட்ட சட்டை, சின்னத் தொப்பை, லேசான கூன். பொண்டாட்டி பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள். கோட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்று, தன்னுடைய கணக்கைத் திறந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். பா... க்... கி...

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு வாசிங்களேன்" என்றாள் இஸ்திரியம்மா. "நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நம்மாள் கதவோரம் போய் நின்று, மிச்ச எழுத்துகளையும் கூட்டி முடித்தான். பாக்கி எதுவும் இல்லை.