காலை ஐந்து ஐம்பதுக்கு மட்டாஞ்சேரியில் மழை

1.

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை ஊற்றெடுத்தது என்றெல்லாம் இல்லை. காலையில் எங்கள் மொட்டை மாடியில் நிற்கும்போது எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து கிடைத்தது. நடுவில் ஒரு சந்து, ஒரு ஆட்டோ முனகிக்கொண்டு போகிற அகலம். இவ்வளவு பக்கத்தில் கதை கிடைத்தால் எந்த எழுத்தாளனும் சோம்பேறியாகிவிடுவான். ஆனேன்.

தொடக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் உழைத்தேன்.

‘மட்டாஞ்சேரியின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே கருமேகங்கள் திரண்டு’ (அடித்தாயிற்று. இது மகர மாதம், தமிழுக்குத் தை. மேகமே கிடையாது. மேகம் இல்லாததுதான் கதை.)

‘வெங்கிடேஷ் என்கிற வெங்கிட்டு, வயது அறுபத்திரண்டு, கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காமாக்ஷி, ஒரே மகள் ஸாதனா’ (ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது. ஆனால் விவரமெல்லாம் சரி. வைத்துக்கொள்ளுங்கள்.)

2.

வெங்கிட்டு ஒரு வயர்லெஸ் வானிலை நிலையம் வாங்கினார். எதற்கு என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆண்கள் சிலர் கீதை வகுப்புக்குப் போகிறார்கள், சிலர் ஆன்லைனில் சாமான் வாங்குகிறார்கள். இரண்டாவது வகைக்கு வீட்டில் மரியாதை குறைவு, அவ்வளவுதான்.

பெட்டியிலிருந்து வந்தவை: காற்றில் சுழலும் மூன்று கிண்ணங்கள், திசை காட்டும் ஒரு வால், வெப்பமானி வைத்த வெள்ளைக் கூடு, மழை பிடிக்க ஒரு புனல், வீட்டுக்குள் வைக்க ஒரு கலர் திரை. புனலுக்குள் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஒரு குட்டித் தொட்டி இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்தால் சாயும். ஒரு சாய்வுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு. மேலே இருப்பது கீழே இருக்கும் திரையோடு பேசும், திரை வைஃபையோடு பேசும், வைஃபை வெங்கிட்டுவின் போனோடு பேசும். அந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்து ரொம்ப நாளாயிற்று.

எலக்ட்ரீஷியன் சஜி மாடியில் ஒரு இரும்புக் கம்பம் நட்டான். உச்சியில் கிண்ணங்கள். மழைப் புனல் கம்பத்தின் இடுப்பில். “சாமி, குறுக்கே ஒரு பைப் இட்டா நல்ல பலம் கிட்டும்” என்று தோளுயரத்துக்கு மேலே ஒரு குறுக்குக் குழாயும் வைத்தான்.* வெங்கிட்டு, மூட்டு வலியோடு, வாழ்க்கையில் கடைசித் தடவையாக அந்த இருபத்திரண்டு படிகளையும் ஏறி, போனில் திசைகாட்டியைத் திறந்து வடக்கைக் கண்டுபிடித்து, கம்பம் சாயாமல் இருக்கிறதா என்று மட்டக் குமிழியைப் பார்த்து, இறங்கினார். கீழே வந்ததும் ஒரு உத்தரவு போட்டார்.

“அந்தக் கம்பத்தை இந்த ஆத்துல ஒருத்தரும் தொடப்படாது. தெரிஞ்சுதா?”

*புனலுக்கு நேர் மேலே எதுவும் இருக்கக் கூடாது என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சஜி கையேடு படிப்பதில்லை. வெங்கிட்டு எட்டாம் பக்கத்தில் தூங்கிப்போனார்.

3.

இங்கே எனக்குக் காமாக்ஷியைப் பற்றி ஒரு கவலை வந்தது. இனி அவள் செய்யப்போவதைப் படித்தால் நீங்கள் அவளை அசடு என்று நினைப்பீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அசடு இல்லை. அவள் கணக்கில் ஒரு பிழையும் கிடையாது.

ஸாதனாவுக்குக் கனடாவில் வேலை அனுமதி கிடைக்க வேண்டும் என்று காமாக்ஷி ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், பாராயணம் தொடங்கியிருந்தாள். அதற்கு மடி வேண்டும். விடியுமுன் குளித்து, ஒன்பது கஜம் புடவையை நனைத்துப் பிழிந்து, வேறு யார் கையும் படாத இடத்தில் உலர்த்தி, மறுநாள் அதைத்தான் உடுத்த வேண்டும். பழைய மூங்கில் கொடியில் கேபிள்காரன் கை வைக்கிறான், பால்காரன் பை மாட்டுகிறான். ஒருத்தரும் தொடாத இடம் இந்த வீட்டில் எது? உத்தரவு போட்டவரே சொல்லிவிட்டாரே. புடவையை ஒரு கோலால் தூக்கி, கம்பத்தைத் தானும் தொடாமல், குறுக்குக் குழாயில் போட்டாள். மணிக்கட்டு வலியால் அழுத்திப் பிழிய வராது. புடவை சொட்டியது. புனல் சரியாக அதன் கீழே இருந்தது.

காலை ஐந்து ஐம்பது. மழை 2.7 மில்லிமீட்டர்.

4.

வெங்கிட்டு அதை ‘பஜார் ரோடு நண்பர்கள்’ வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குடைப்படம் ஒன்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் 3.3. அதற்கு மறுநாள் 2.4. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஜன்னல் எண் காட்டாதே.

“இங்கே பெய்யலையே சாமி” என்று பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுனின் கடைக்காரர் ஒருவர் எழுதினார். ‘லோக்கல் மழை’ என்று பதில் போட்டார் வெங்கிட்டு. அதற்குப் பதினேழு கட்டைவிரல்கள் விழுந்தன. கப்பல் ஏஜென்சியில் முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு ஒரு கட்டைவிரலும் விழுந்ததில்லை. பாவம், மனுஷன் அன்று ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்குள் உண்மை வெளியே வர ஒரு வாய்ப்பு இருந்தது. சந்து குறுகல் என்பதால் எனக்கும் கேட்டது.

“காமு, இன்னிக்கும் விடிகாலம்பற மழை. நனைஞ்சயோ?”

“மழையா? நான் மாடிக்குப் போயிட்டுத்தானே வந்தேன். ஒரு துளி இல்லையே.”

“நீ எறங்கினதும் பெஞ்சிருக்கும். அஞ்சு அம்பதுக்காக்கும்.”

“ஓ, அதான் புடவை சீக்கிரமா உணங்க மாட்டேங்கறதோ!”

ஆளுக்கொரு ஆதாரம் கிடைத்த திருப்தியில் இருவரும் காப்பி குடித்தார்கள். நான் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாளே நான் புடவையையும் புனலையும் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஏன் கெடுப்பானேன்?

(இதுவரை நகைச்சுவைக் கதை. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன்.)

5.

எங்கள் சந்தின் கோடியில் ஒரு இஞ்சிக் கிடங்கு. தோல் சீவின இஞ்சியை முற்றத்தில் விரித்து, வெயிலில் புரட்டிப் புரட்டிச் சுக்காக்குவார்கள். ஏழு பெண்கள் அந்த வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் மூத்தவள் முனியாயி. விரித்தால் வேலை உண்டு, விரிக்காவிட்டால் இல்லை. முதலாளி எர்ணாகுளத்தில் பதினாலாவது மாடியில் இருக்கிறார். அவரும் பஜார் ரோடு நண்பர்தான்.

நனைந்த தரையில் விரித்தால் இஞ்சி பூசணம் பிடிக்கும். ஐந்தாம் நாள் காலை முதலாளி போனில் குடைப்படத்தைப் பார்த்துவிட்டு, விரிக்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் சிஜுவுக்குச் சொல்லிவிட்டார். சிஜு காய்ந்த முற்றத்தில், கண் கூசும் வெயிலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டான்.

“சேட்டா, கண்ணத் தொறந்து பாரு. எங்க மழ?” என்றாள் முனியாயி.

“முற்றம் உணங்கித்தான் கெடக்குது சேச்சி. எனக்கும் கண்ணு உண்டு. பக்ஷே முதலாளிக்குப் போன்ல மழையாணு.”

ஆறாம் நாளும் அப்படியே. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பெண்கள் ஏழு மணிக்கு வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பிப் போனார்கள். மாடியிலிருந்து அதையும் பார்த்தேன். ‘உழைக்கும் பெண்களின் மௌனம்’ என்று ஒரு வரிகூட எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. அவர்கள் மௌனமாக இருக்கவில்லை, நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் மௌனமாக இருந்தேன்.

நேற்று முதலாளி ஒரு முடிவு சொன்னாராம். சனிக்கிழமை காலையும் மழை என்றால் இஞ்சி முழுக்க லாரியில் ஏறி, பெரும்பாவூரில் மின்சார உலர்த்தி வைத்திருக்கும் ஒருவரிடம் போகும். இந்தச் சீசனுக்கு மட்டும் இல்லை, இனிமேல் எப்போதும்.

இன்று வெள்ளி.

6.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ) நாளை விடியலில் வெங்கிட்டு தானே மாடி ஏறி, புடவையைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். குழுவில் மன்னிப்புக் கேட்கிறார். எல்லாரும் சாயா குடிக்கிறார்கள். (அவர் மூட்டு ஒத்துக்கொள்ளாது. பதினேழு கட்டைவிரல்களும் ஒத்துக்கொள்ளாது.)

ஆ) சனிக்கிழமை நிஜமாகவே மழை கொட்டுகிறது. இலக்கியப் பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று மாலை நாலு மணி வரை இதைத்தான் வைத்திருந்தேன்.

இ) ‘வாசகரே, முடிவு உங்கள் கையில்’ என்று சொல்லிவிட்டு நான் நழுவிவிடுவது.

மூன்றாவதை எழுதத் தொடங்கி, ‘வாசகரே, நீங்கள்தான்’ வரை வந்தபோது கதவு தட்டப்பட்டது. முனியாயி. இத்தனை நாளாக எழுதுகிறேன், அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

“சாரே, நீங்க எழுதுற ஆளாமே. ஒரு கடிதம் வேணும். முதலாளிக்கு. மலையாளத்துல.”

“என்ன எழுதணும்?”

“மழ பெய்யலன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். நான் சொன்னா பணிக்கு வேண்டிச் சொல்றாம்பாரு. நீங்க படிச்ச ஆளு. மாடில நின்னு தெனமும் பாக்கீங்கள்ல?”

“பார்க்கிறேன்.”

“பெய்ஞ்சுதா?”

“இல்லை.”

“அத எழுதுங்க. நாலு வரி போதும். சிஜு ஏழு மணி போட்டுல காயல் தாண்டி எறணாகுளம் போறான், கையில கொடுத்து விட்டிரலாம்.”

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மழை இல்லை என்று மட்டும் எழுதினால் முதலாளி நம்பமாட்டார்; குடைப்படம் எப்படி வந்தது என்று கேட்பார். புடவையை எழுத வேண்டும். எழுதினால் வெங்கிட்டு இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார், காமாக்ஷி பாராயணத்தை நடுவில் விட்டுவிடுவாள். மூன்றாம் நாளே தெரிந்தவன் பதினொன்றாம் நாள் வரை என்ன செய்துகொண்டிருந்தான் என்று முதலாளி கேட்க மாட்டார். முனியாயி கேட்பாள். சிஜு அவளுக்குப் படித்துக் காட்டாமலா இருப்பான்? மூன்றாம் நாளே சொல்லியிருந்தால் எதிர்வீட்டு மாமாவோடு ஒரு சிரிப்பில் போயிருக்கும்.

முடிவை உங்களிடம் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் வழக்கம், உங்களுக்கும் பழகியிருக்கும். ஆனால் அவள் உங்களிடம் கேட்கவில்லை. மணி ஆறு பத்து. இதை இப்படியே விடுகிறேன், மலையாளத்தில் நாலு வரி எழுத எனக்கு நேரம் பிடிக்கும்.