கோடை வகுப்புக்கு எந்தக் கல்லூரி?

மகள் போன் செய்தபோது பஸ் மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மஞ்சள் காமாலையில் விழுந்து அவள் கோட்டைவிட்ட வேதியியலை இந்தக் கோடை விடுமுறையில் படித்து முடித்தாக வேண்டும்; இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. அவள் கல்லூரியிலேயே கோடை வகுப்பு உண்டு. ஆனால் கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும்.

"நம்ம ஊரு காலேஜ்ல பாதி ஃபீஸ்தான்பா. வீட்டுலயே இருந்துக்கலாம், சாப்பாட்டுச் செலவும் இல்ல. போய் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

"அதுக்கென்ன, நாளைக்கே போறேன்."

அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம், மகள் வெளியூருக்குப் படிக்கப் போய் இரண்டு. வீட்டில் அவருக்கு எதிர்ப்பேச்சு பேச குக்கர் விசிலை விட்டால் நாதியில்லை. சாயங்காலம் மகளின் அறையில் குவிந்திருந்த பழைய பேப்பரையும் ஓடாத மின்விசிறியையும் அப்புறப்படுத்தினார். ஆடிய கட்டில் காலுக்கு ஆப்பு அடித்தார். புதுத் தலையணை உறை வாங்கப் போனபோது கடைக்காரர், "விருந்தாளியா?" என்றார்.

"சேச்சே, வீட்டு ஆளு."

மறுநாள் அரை நாள் விடுப்பு. கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தை நீட்டிய கிளார்க் அம்மா, பெண் எந்தக் கல்லூரி என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க கோடையில தியரி மட்டுந்தான் சார், லேப் கிடையாது. லேப் இல்லாம அவங்க இந்த மார்க்க ஏத்துக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு இங்க படிச்சிட்டு அங்க போய் அழுதுட்டு நின்னுச்சு."

"வேற வழியே இல்லையாம்மா?"

"அந்த ஊர்லயே கவர்மெண்ட் காலேஜ் இருக்கே. லேப் உண்டு. ஃபீஸ் இங்கவிடக் கொஞ்சந்தான் ஜாஸ்தி."

வெளியே வந்து சைக்கிள் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றார். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? பிள்ளை ரெண்டு மாதம் வீட்டில் இருப்பாள். பிறகு விஷயம் வெடித்தால், எனக்கு யாரும் சொல்லலையே என்று கையை விரித்துவிடலாம். பிரேக் பிடிக்காத வண்டி என்று தெரிந்தே டிரைவரிடம் சாவியை நீட்டும் வேலை இது என்று உறைத்தபோது, அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. உடனே போனை எடுத்தார்.

கிளார்க் அம்மா சொன்னதையெல்லாம் மகளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"அப்ப வீட்டுக்கு வர முடியாதாப்பா?"

"பரீட்சை முடிஞ்சு ரெண்டு நாள் வாயேன்."

"ரூம கீம ஒழுங்கு பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அவள் மூன்று தோழிகளோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் வகுப்பு, மதியம் லேப்; இடையில் ஒன்றரையிலிருந்து அரை மணி நேரம் ஓய்வு. அதைத் தெரிந்துகொண்ட மெக்கானிக், தன் சாப்பாட்டு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லி ஃபோர்மேனிடம் நின்றார்.

"எல்லாரும் சீக்கிரம் விடுங்கம்பாங்க, நீ என்னய்யா தலைகீழா கேக்குற?"

"வயித்துக் கோளாறு சார். லேட்டா சாப்பிட்டாத்தான் ஒத்துக்குது."

மற்றவர்கள் உண்டு முடித்துப் போன கொட்டகையில் இப்போது அவர் மட்டும் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார், பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு. சில நாள் அழைப்பு வரும். பல நாள் வராது. நேற்று ஒன்று ஐம்பதுக்கு வந்தது.

"அப்பா, பேச நேரமே இல்ல, லேப்புக்கு ஓடிட்டிருக்கேன். சாப்டீங்களா?"

"இப்பத்தாம்மா உக்காந்தேன்" என்றார், கழுவின டப்பாவைத் துடைத்துக்கொண்டே.