மணி அடிக்காத மாடி

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு போர்டு இருக்கிறது. மாடியில் இருப்பவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலோரம் இருக்கும் பொத்தானை அமுக்குவார்கள். குளியலறை என்றால் சுவரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுப்பார்கள். உடனே போர்டில் அந்த அறையின் விளக்கு எரியும், மணியும் அடிக்கும். நான் அந்த அறைக்கே போய் அணைக்கும்வரை அது ஓயாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த மணி என் கனவிலும் அடித்தது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட "இதோ வர்றேங்கய்யா" என்று எழுந்து நின்றேன்.

அதற்கு முன்னால் நான் செருப்புக்கடையில் இருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் போய் நின்றேன். மேனேஜர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "நாளைக்கே வர முடியுமா?" என்பதுதான். இந்த வேலை எனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"அதெல்லாம் கத்துக்கலாம்மா. பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க" என்றார்.

அந்த ஒருத்தர் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் கீழ்த்தளத்தில் ஆள் வரவில்லை என்று அவரைக் கீழே அனுப்பினார்கள். அதன்பிறகு அவர் படியேறவே இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது என்று அதில் ஒரு பெண் ஒரு பொம்மையைப் புரட்டிக் காட்டினாள். பொம்மை ஒரு தடவைகூட "ஐயோ, தோள்பட்டை" என்று சொல்லவில்லை. நர்ஸ் ஒருவர் உண்டு. மருந்து கொடுக்க மேலே வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு தளத்துக்கும் அவர் ஒருவர்தான்.

ஆக, பதினான்கு பேருக்கு நான் ஒருத்தி. பம்பரமாகச் சுழன்றேன் என்று சொல்லலாம், ஆனால் பம்பரமாவது நடுவில் கொஞ்சம் படுத்துக்கொள்ளும். ஆளைத் தூக்கி வீல்சேரில் வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் துணித்தொட்டிலை நான் தலைகீழாக மாட்டி, ஆறாம் அறை டைலரம்மாவைக் காலை மேலே வைத்துத் தூக்கப் பார்த்தேன். எட்டாம் அறை கணக்கு டீச்சரை இரண்டு தடவை குளிப்பாட்டிவிட்டு, பக்கத்து அறைக்காரரை விட்டுவிட்டேன். டீச்சர் பேசாமல் இரண்டாவது தடவையும் குளித்துக்கொண்டார். ஒழுங்காகச் செய்த ஒரே வேலை, எல்லாருக்கும் செருப்பு மாட்டிவிடுவது. அதனால் ஏழாம் அறை போஸ்ட்மாஸ்டர் எனக்கு "செருப்புக்கடை" என்றே பெயர் வைத்துவிட்டார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, ஐந்து விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தது. எதற்கு முதலில் ஓடுவது என்று புரியாமல், கை கால் ஓடாமல், துணி அலமாரி இருக்கும் அறைக்குள் போய்த் துவைத்து மடித்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். போர்வைக்குள் அழுதால் வெளியே கேட்காது என்று நினைப்பு.

மறுநாளிலிருந்து மணி அடங்கிவிட்டது.

முதலில் போர்டு ரிப்பேர் என்று நினைத்தேன். நானே போய் ஒரு காலி அறையில் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். நன்றாகவே அடித்தது. அப்படியென்றால் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? அறை அறையாக நானாகப் போய் எட்டிப் பார்ப்பேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு "ஒண்ணும் வேணாம்மா, நீ போய் உக்காரு" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேன் ஓட்டிவிட்டு வந்து குளிக்கக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு பிடி கெடச்சிருச்சுங்க. யாருக்கு என்ன வேணும்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது."

"அப்படியா? எனக்கு இப்ப என்ன வேணும், சொல்லு பாக்கலாம்."

"தண்ணி."

"துண்டு" என்றார் அவர், குளியலறை வாசலில் நின்றபடி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் மேலே வந்தார். போர்டைப் பார்த்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், அப்போதும் எரியவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

"அசத்திட்டியேம்மா. திங்கக்கிழமை உன்கூட இன்னொரு பொண்ணு சேர்றதா இருந்துச்சு. வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ ஒருத்தியே போதும் போலயே."

பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாத காது. "பரவால்ல சார், பாத்துக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை டீ எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனால், கட்டிலில் போஸ்ட்மாஸ்டர் இல்லை. குளியலறைத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கயிறு அவர் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"எப்பய்யா விழுந்தீங்க?"

"விழல. உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்."

காலைத் தொட்டுப் பார்த்தேன். தரையைப் போலவே சில்லிட்டிருந்தது. வெகுநேரமாக அப்படியே இருந்திருக்கிறார்.

"கயிறு காதுல இடிக்குது. ஒரு இழு இழுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே."

"அதெப்படி இழுக்கறது? அடிக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் முடிவு பண்ணிட்டமே" என்றார், எனக்கு முன்பே தெரிந்த விஷயம் மாதிரி.

நர்ஸ் வந்து அமுக்கிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப் போனதோடு சரி. அவரைப் படுக்க வைத்த பிறகுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. துணி அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் அழுததைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். "அந்தப் பொண்ண இப்படி ஓட விடக் கூடாது" என்று டைலரம்மா ஆரம்பிக்க, கணக்கு டீச்சர் கை தூக்கச் சொல்ல, எல்லாரும் தூக்கியிருக்கிறார்கள். ரொம்ப அவசரம் என்றால் மட்டும் மணி அடிப்பது என்று தீர்மானம். ஆனால் தன் விஷயம் அவசரம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாத்ரூம் போக என்னைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று டைலரம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். டீச்சர் திரையை விலக்கச் சொல்லாமல் பகலெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும் வந்தது. மதியச் சாப்பாட்டின்போது கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"என்ன நெனச்சுட்டு இருக்கீங்க எல்லாரும்? எனக்கு நல்லது பண்றதா நெனப்பா? ஐயாவுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு இங்க நடப்பேன்? நீங்க மணி அடிக்காததப் பாத்துட்டு, இன்னொரு ஆளே வேணாம், இவ ஒருத்தி போதும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நானும் கேணச்சி மாதிரி தலையாட்டிட்டேன்."

யாரும் சாப்பிடவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை அன்பை யாராவது திட்டுவார்களா?

"அதாவது, நாம எல்லாருமாச் சேந்து மேனேஜருக்கு ஒரு ஆள மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கோம்" என்றார் கணக்கு டீச்சர்.

"நல்ல லட்சணம்" என்றார் டைலரம்மா.

"செருப்புக்கடை, நீ போ. நாங்க பேசிக்கறோம்" என்றார் போஸ்ட்மாஸ்டர். வலிக்கிற இடுப்போடு வீல்சேரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் பேசினார்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன், அவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டுமா என்ன. டீச்சர் குரல்தான் ஓங்கியிருந்தது. "பொய்யா யாரும் அடிக்கக் கூடாது. வேணும்னா அடிக்கணும். வேணும்போதே அடிக்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை மேனேஜர் படியேறி வந்ததும் நான் மடக்கினேன்.

"சார், அந்தப் பொண்ணு வேணும். அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

"என்னம்மா இது, காத்தாடி மாதிரி மாறுற? போர்டப் பாரு, எவ்வளவு அமைதி..."

எட்டாம் விளக்கு எரிந்தது. அவர் வாயை மூடுவதற்குள் மூன்று, பதினொன்று, ஆறு. பிறகு நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். மணி கூரையைப் பிய்த்தது.

"யாரு சொல்லிக் குடுத்தது இவங்களுக்கு?"

"வாங்க சார், போய்க் கேப்போம்."

முதல் அறையில் டயப்பர் மாற்ற வேண்டும். இரண்டாவதில் முதுகு சிவந்து போய், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்றாவதில் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை, எல்லாம் அடக்கி வைத்திருந்த தேவை. நாலாவது அறையில் மேனேஜர் கையுறை மாட்டியிருந்தார். பெரிய மனதெல்லாம் இல்லை, நான் அவர் கையில் திணித்தேன்.

"சார், ஏழாம் நம்பர் ஐயாவப் பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க. நான் ஆறுல டைலரம்மாவ மெஷின்ல தூக்கணும்."

ஆறுக்கும் ஏழுக்கும் ஒரே சுவர். நான் டைலரம்மாவைத் தொட்டிலில் ஏற்றி, சரியான பக்கமாகத்தான், மேலே தூக்கிய நேரம் ஏழாம் அறைக் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது, மணி அடித்தது.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜரின் குரல்.

"டைலரம்மா தொங்கிட்டு இருக்காங்க சார். விட்டுட்டு வர முடியாது."

"இவர விட்டா விழுந்துருவாரும்மா."

"அப்ப விடாதீங்க சார்."

டைலரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் தொட்டில் ஆடியது. மணி ஓயவில்லை. "வேற யாராவது இருக்காங்களா?" என்று மேனேஜர் கூப்பிட்டார். யார் இருக்கிறார்கள்? இன்னொரு தடவை கயிறு வெடுக்கென்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு போஸ்ட்மாஸ்டரின் குரல், தபாலாபீஸில் வரிசையில் நிற்பவரிடம் பேசுகிற பொறுமையோடு.

"அடிக்காதீங்க சார். பாவம், அந்தப் பொண்ணு ஒருத்தியாத்தானே இருக்கா."



திங்கட்கிழமை புதுப் பெண் வந்தாள். அதுவரை பேக்கரியில் கேக் விற்றவள். ஓயாமல் எரியும் போர்டைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். எனக்கு எதுவும் தெரியாது என்று அவளும் உள்ளதைச் சொன்னாள்.

"அதெல்லாம் கத்துக்கலாம்மா. பக்கத்துல எப்பவும் ஒருத்தர்..." என்று ஆரம்பித்த மேனேஜர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இருப்பேன் சார்" என்றேன். "கீழ ஆள் வரலன்னாலும் இருப்பேன்."