இல்லா மேடம்

பெங்களூர் மர்பி டவுனில் ஜெயலட்சுமியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த ஜெயலட்சுமி நான்தான். ரேஷனில் எடை குறைந்தாலும், தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சண்டை போடுவேன். அன்று காலை அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் அந்த வாயோடுதான் போனேன்.

என் தம்பி யுவனின் மனைவி தாரணிக்கு முந்தைய நாள் பிரசவம் ஆகியிருந்தது. இருபத்தேழே வாரம். பனிக்குடம் தானாக உடைந்து, காய்ச்சலும் வந்து, பெண் குழந்தை பிறந்துவிட்டது. தொள்ளாயிரத்து நாற்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் ஒரு குழாய், தொப்புளில் ஒரு குழாய். அதன் கால் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ரத்தத்தில் கிருமி இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதாக நர்ஸ் சொன்னாள். தாயின் பிறப்புறுப்பில் இருந்த கிருமி மேலே ஏறியிருக்கலாமாம்.

"மாசா மாசம் கூட்டிட்டு வந்தியேக்கா," என்றான் யுவன். டெலிவரி வேன் ஓட்டுகிறவன், வண்டியை எங்கோ போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். "ஒருத்தருமா பாக்கல? என்னத்த பாத்தாங்க இவங்க?"

எனக்கு அது போதும். தாரணி படுத்திருந்த வார்டுக்கு டாக்டர் மமதா வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏழைகள் என்றால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோடு சரியா, மாத்திரைச் சீட்டு எழுத மட்டும்தான் படித்தீர்களா, இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கன்னடத்தில் விளாசினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த காக்ஸ் டவுன் மௌரீன் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

டாக்டர் மமதா தார்வாடு பக்கம். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. தாரணியின் செக்கப் விவரம் எழுதும் தாயி கார்டை எடுத்து, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். கன்னடத்தில் எழுதியிருந்தது. பிளி செரகு: இல்லா.

வெள்ளைப்படுதலுக்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"நான்தான் கேட்டேன்," என்றாள். "நீங்கதான் பதில் சொன்னீங்க."

ஆமாம், அவள் கேட்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தாரணி ஆரணிப் பெண். கல்யாணம் ஆகிப் பெங்களூர் வந்து ஒன்றரை வருடம், கன்னடம் வராது. செக்கப் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் எப்போதும் நான்தான் கூடப் போவேன். அன்றைக்குப் பஸ்ஸில் என் காதருகில் வந்து சொன்னாள். "அண்ணி, ஒரு வாரமா வெள்ளையா போய்க்கினே இருக்கு. மீன் கழுவன தண்ணி மாதிரி நாத்தம். அரிப்பு வேற. டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க."

"சூடு," என்றேன் நான். "உடம்புச் சூடு. எனக்கும்தான் இருந்துச்சு. வெந்தயம் ஊறவச்சு குடி."

"சொல்லிடுங்க அண்ணி."

"சரி, சொல்றேன்."

செக்கப் அறையில் ஒரே மேஜை. அதைச் சுற்றி ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் துணைக்கு ஆட்கள். மேஜையின் மூலையில் பதிவேடு எழுதிக்கொண்டு கிளார்க் மஞ்சுநாத். எங்கள் தெருக்காரன். அதற்கு முந்தைய வாரம்தான் குழாயடியில் அவனுக்கும் எனக்கும் பெரிய ரகளை. அவன் பெண்டாட்டி என் குடத்தை நகர்த்தியதற்காக அவன் பரம்பரையையே இழுத்துப் பேசியிருந்தேன். அவன் முன்னால் என் வீட்டுப் பெண்ணுக்கு அங்கே நாற்றம் அடிக்கிறது என்று என் வாயால் சொல்ல வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தேன்.

டாக்டர் வரிசையாகக் கேட்டாள். தலைவலி உண்டா, கால் வீக்கம் உண்டா, குழந்தை அசைகிறதா. எல்லாவற்றையும் தாரணியிடம் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னேன். "பிளி செரகு?" என்று கேட்டபோது மட்டும் தாரணி பக்கம் திரும்பவே இல்லை. "இல்லா மேடம்," என்றேன். அவள் எழுதிக்கொண்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெளியே வந்ததும் தாரணி, "சொன்னீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

"சொன்னேன். சூடுதான்னாங்க. பயப்படத் தேவையில்லன்னாங்க."

டாக்டர் சொல்லிவிட்டாள் என்று நம்பித்தான் அந்தப் பெண் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. தினமும் வெந்தயத் தண்ணீர் குடித்தாள். நான்தான் ஊறவைத்துக் கொடுத்தேன். நாற்றம் அதிகமான பிறகு எங்கள் பக்கத்தில் உட்காருவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்தும் கர்ப்பக்காரிக்கு வரவரத் திமிர் ஏறுகிறது என்று யுவனிடம் கோள் சொன்னவளும் நான்தான்.

இப்போது படுக்கையிலிருந்து தாரணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் கன்னடம் புரியாவிட்டாலும் அந்த அட்டை எதற்கு வந்தது என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

"கேளுங்க அண்ணி. டாக்டரம்மா, நீங்கதான சூடுன்னு சொன்னீங்க, இப்ப கிருமிங்கறீங்களேன்னு கேளுங்க."

யுவனும் என்னைப் பார்த்தான். "கேளுக்கா. விடாத."

டாக்டர் பொறுமை இழந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு என்ன சொல்றா? ரத்த கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அம்மா சொல்றத வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும். எத்தன நாளா போச்சு, நாத்தம் இருந்துச்சா, பனிக்குடம் உடையறதுக்கு முன்னாடியே தண்ணி கசிஞ்சுதா? மருந்து மாத்தணுமான்னு நான் பாக்கணும். மறுபடி இல்லான்னு சொல்லாதீங்க."

என் மேல் எனக்கு வந்த கோபம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை. ஊரில் எவன் தப்புச் செய்தாலும் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்ட வாய், கேட்க வேண்டிய இடத்தில் ஒரு கிளார்க்குக்குப் பயந்து பொத்திக்கொண்டது. மானமாம். தொள்ளாயிரத்து நாற்பது கிராமுக்கு முன்னால் என்ன பெரிய மானம்.

முதலில் தாரணியிடம் சொன்னேன். "டாக்டர் சூடுன்னு சொல்லல. நான் டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல. அது நானா சொன்னது."

பிறகு தண்ணீர் கசிந்ததா என்று அவளிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள். நாலு நாள். டாக்டர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் கன்னடத்தில் சொன்னேன். நாலு வாரம், மீன் நாற்றம், அரிப்பு, நாலு நாள் கசிவு. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள். ஒருவரும் சிரிக்கவில்லை, மூக்கைச் சுளிக்கவில்லை. இரண்டு படுக்கை தள்ளி இருந்த பெண், தனக்கும் அப்படித்தான் என்று நர்ஸைக் கூப்பிட்டாள்.

"அதனாலதான் இப்படி ஆச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது," என்றாள் டாக்டர். "எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தா டெஸ்ட் எடுத்து மருந்து குடுத்திருப்போம்."

முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். எனக்குக் காதில் நின்றது இரண்டாவது பாதிதான்.

யுவன் என்னைத் திட்டவில்லை. "நீ வீட்டுக்குப் போக்கா," என்றான். நான் போகவில்லை. வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தபோது பாரத்தை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்கு ஓடியவன் மஞ்சுநாத். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தான். அவன் வீட்டிலும் ஒரு குறைமாதக் குழந்தை இறந்திருக்கிறதாம். ஒரே தெருவில் இருந்தும் எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் டாக்டர் வார்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். தாரணியிடம் சொல்ல வேண்டும், வேன் டூட்டியில் இருந்த யுவனுக்குக் காத்திருக்க முடியாது. ரத்தத்தில் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது, மருந்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்திருக்கிறது. ஆனால் தலை ஸ்கேனில் மூளையின் இரண்டு பக்கமும் ரத்தக் கசிவு. பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. பிழைத்தால் நடப்பாளா, எப்போது நடப்பாள் என்று இப்போது சொல்ல முடியாது.

நாலு நாளில் பாதியாகிப் போயிருந்த தாரணியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: பாப்பா நல்லாயிருக்கா, பயப்படத் தேவையில்லன்னாங்க. அதே பழைய பொய், அதே வார்த்தைகள். விழுங்கினேன். டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மூளை என்றேன், ரெண்டு பக்கமும் என்றேன், நடக்கறது சொல்ல முடியாது என்றேன்.

தாரணி அழவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு என்னைத் தாண்டிப் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள்.

"மௌரீனக்கா, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்க ஒருவாட்டி கேட்டு எனக்குச் சொல்றீங்களா?"

மௌரீன் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். "கேளுங்க," என்றேன்.

அவள் கன்னடத்தில் கேட்டாள். டாக்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மௌரீன் தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்ல, நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டேன். நான் சொன்னதில் ஒன்றும் விட்டுப்போயிருக்கவில்லை. தாரணி அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.