ஐந்தாவது வந்தால் போதும்

என் மாப்பிள்ளைக்கு மூளை இருக்கிறது. ஹெல்மெட் போடும்போது கொஞ்சம் நசுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவர் ஓட்டும் பந்தயக் காருக்கு நான்தான் மெக்கானிக். ஆனால் அதற்கு முன்பே மாமனார் ஆகித் தொலைத்தேன். வேறு டிரைவராக இருந்தால் ஸ்பானரை விட்டெறிந்திருப்பேன். மாப்பிள்ளையை என்ன செய்வது? "நீங்க, வாங்க" என்றுதான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் சாம்பியன் பட்டம் கடைசிப் பந்தயம் வரை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. எங்களுக்குப் போட்டி மீசை என்பவன். அவன் மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பெயர்தான் உதிரவில்லை. அவனைவிட மாப்பிள்ளை பதினாறு புள்ளி முன்னால் இருந்தார். பந்தயத்தில் முதலாவது வந்தால் இருபத்தைந்து புள்ளி, ஐந்தாவதுக்குப் பத்து, ஆறாவதுக்கு எட்டு. அதாவது மீசையே ஜெயித்தாலும் நாங்கள் ஐந்தாவது வந்தால் போதும், ஒரே ஒரு புள்ளியில் பட்டம் எங்களுக்கு. ஆறாவது என்றால் போச்சு. காரின் சொந்தக்காரரான முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "பட்டம் வந்தா அடுத்த வருஷமும் வண்டி. வரலைன்னா உங்க மாப்பிள்ளை கூரியர் வேன் ஓட்டட்டும்."

சுலபம்தானே என்பீர்கள். மாப்பிள்ளையைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது. தபால் ஆபீஸில் நாலு பேர் நின்றால், ஏதோ விசாரிக்கப் போகிறவர் மாதிரி நைசாக நடந்து முதல் ஆளாக நிற்பார். ஒரு தடவை பல் டாக்டரிடம் இப்படி முந்திப் போய், இன்னொருவருக்குப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இந்த மனிதரை நாற்பது சுற்றும் ஐந்தாவதாக ஓட வைக்க வேண்டும். பொறுமையிழந்து முன்னால் போகிறவனை இடித்தால் எல்லாம் முடிந்தது.

என் மகள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். வரிசையில் குறுக்கே புகுகிறவர்களைத் திட்டுவதற்கே அவளுக்குச் சம்பளம். "அவரை என்கிட்ட விடுங்கப்பா" என்றாள். ஒரு மாதம் தினமும் மாலையில் மாப்பிள்ளை அவளுடைய கவுண்டர் வரிசையில் ஐந்தாவதாக நின்றார். வரிசை நகர்ந்து நாலாவதாக ஆனால், பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு மறுபடி ஐந்தாவது. முதல் வாரம் கை நடுங்கியது. நாலாவது வாரம் புன்னகையே வந்துவிட்டது. யோசனை நல்ல யோசனைதான் என்று நானும் தலையாட்டினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பந்தய நாளன்று மீசை முதலாவதாகப் பறந்தான். எங்களவர் சொன்னபடி ஐந்தாவது.

"மாமா, கை நடுங்கவே இல்ல" என்று ரேடியோவில் குரல் வந்தது.

"அப்படியே இருங்க மாப்பிள்ளை, தங்கம்!"

முப்பத்தாறாவது சுற்றில் மூன்றாவதும் நாலாவதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மணலில் இறங்கின. நாங்கள் சும்மாவே மூன்றாவது! முதலாளி என் முதுகில் ஓங்கித் தட்டினார். அவர் கையை எடுப்பதற்குள் எங்கள் கார் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது.

"மாப்பிள்ளை, இன்ஜின்ல ஏதாவது கோளாறுங்களா?"

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு மாமா. ரெண்டு பேருக்கு வழி விடறேன்."

"எதுக்குங்க?"

"நான் மூணாவதுக்கு வந்துட்டேனே!"

"மூணாவது நல்லதுங்க. அஞ்சாவதைவிட நல்லது."

"ஒரு மாசம் கால் கடுக்க நிக்க வச்சுட்டு இப்ப மாத்திப் பேசினா எப்படி மாமா?"

இரண்டு கார்கள் நன்றி சொல்லாத குறையாகத் தாண்டிப் போயின. அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மீசையின் தம்பி ஓட்டிய மஞ்சள் காரும் நுழைந்துவிட்டது. நாங்கள் ஆறாவது. இன்னும் இரண்டே சுற்று.

"ஒருத்தரை மட்டும் தாண்டுங்க மாப்பிள்ளை. ஒரே ஒருத்தரை."

"தாண்டினா பழைய வியாதி திரும்பிடும். நீங்க பதறாம இருங்க மாமா."

கையில் இருந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைக் கடித்தேன். இன்றைக்கும் அதில் என் பல் தடம் இருக்கிறது. அந்தப் பக்கம் நட்டைப் பிடிக்காது.

பந்தயம் பார்க்க வந்து என் பக்கத்தில் நின்ற மகள், என் தலையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினாள்.

"யோவ்!"

எங்கள் கார்க் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிகூடத் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நீங்க அஞ்சாவதாத்தானே நின்னீங்க?"

"ஆமா."

"உங்களுக்கு முன்னால ஒருத்தன் குறுக்க பூந்துட்டான். பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?"

"பூந்துட்டானா? எவன் அவன்?"

"அந்த மஞ்சள் வண்டி."

ஒரு மாதம் ஒழுங்காக வரிசையில் நின்ற மனிதர் அல்லவா? என் அரை நூற்றாண்டு அனுபவத்தில் ஒரு இன்ஜின் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. கடைசி வளைவில் மஞ்சள் காரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, "வரிசையில வாய்யா!" என்று அவர் போட்ட சத்தம் ரேடியோ இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. தாண்டினார். ஐந்தாவது. அவருக்கு முன்னால் போன நாலாவது கார் டயர் தேய்ந்து நொண்டிக்கொண்டிருந்தது, குழந்தைகூடத் தாண்டியிருக்கும். எங்களவர் மரியாதையாக இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே வந்து கோட்டைக் கடந்தார்.

ஒரு புள்ளியில் பட்டம் எங்களுக்கு. மேடையில் மைக்கில் மாப்பிள்ளையை அழைத்தார்கள். அவர் நகரவில்லை. இன்னொரு தடவை அழைத்தார்கள்.

"கூப்பிடறாங்க, போங்களேன்" என்று மகள் தள்ளினாள்.

"இரும்மா. முன்னாடி நாலு பேர் நிக்கறாங்கல்ல."

அந்த நாலு பேரும் புகைப்படக்காரர்கள். அவரைப் படம் பிடிக்கத்தான் நின்றார்கள்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்பானரைத் தேடினேன்.